நாப்கின் ஏன் கசிகிறது? வாசகியர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் நாப்கின்களின் உள்ளமைப்பைப் பற்றிச் சுருக்கமாக எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் ஒரே ஐயத்தை வெவ்வேறு சொற்களில் கேட்டவற்றைச் சேர்த்து, ஆறு கேள்விகளாக்கி இங்கே பதில் தருகிறேன். ஆடைத் தொழில்நுட்பம் படித்து, நெய்யாத துணி வகைகளைச் சோதிக்கும் பணியில் பல ஆண்டுகள் இருந்தவள் என்ற முறையிலேயே எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்லள் என்பதால், நோயைத் தொடும் இடங்களில் மருத்துவரைப் பார்க்கச் சொல்வதோடு நிறுத்திக்கொள்வேன்.

கேள்வி: எங்கள் மகளிர் குழுவில் மரக்கூழை அரைத்து, அச்சில் இட்டு அழுத்தி, வெள்ளைத் துணியால் சுற்றி நாப்கின் தயாரிக்கிறோம். 30 மில்லி தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் ஒரு சொட்டுகூடக் கீழே வருவதில்லை. ஆனால் வாங்கிய பெண்கள் பக்கவாட்டில் கசிகிறது என்றும், மேல்பக்கம் ஈரமாகவே இருக்கிறது என்றும் சொல்கிறார்கள். கூழின் அளவைக் கூட்டிப் பார்த்தோம். தடிமன் கூடியதே தவிரக் குறை தீரவில்லை. எங்கே தவறு செய்கிறோம்?
– சுயஉதவிக் குழு உறுப்பினர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: உங்கள் நாப்கின் எவ்வளவு கொள்ளும் என்பதை நீங்கள் சரியாகவே சோதித்திருக்கிறீர்கள். ஆனால் கசிவு பெரும்பாலும் கொள்ளளவு போதாமல் வருவதில்லை. நீங்கள் செய்யும் 30 மில்லி சோதனை, 1980-இல் வெளியான ஐ.எஸ். 5405 என்ற இந்தியத் தரக் குறிப்பிலிருந்து வந்தது. நிமிடத்துக்கு 15 மில்லி என்ற வேகத்தில் 30 மில்லி திரவத்தை ஊற்ற வேண்டும், அடியிலோ பக்கத்திலோ கசியக் கூடாது என்பது அதன் சாரம். (அந்தக் குறிப்பு 2019-இல் திருத்தப்பட்டுவிட்டது. விற்பனைக்குச் செய்கிறவர்கள் புதிய பதிப்பை வாங்கிப் படித்துவிட வேண்டும்.) பெரும்பாலான பெண்களுக்கு ஒரு மாதவிடாய் முழுவதிலும் வெளியேறும் ரத்தத்தின் அளவே ஏறத்தாழ 30 முதல் 40 மில்லிதான். அதனுடன் சேரும் மற்றத் திரவங்களையும் கணக்கில் கொண்டாலும், ஒரு நாப்கினுக்கு ஐந்தாறு மணி நேரத்தில் வந்து சேர்வது அது கொள்ளக்கூடிய அளவைவிட மிகக் குறைவாகவே இருக்கும். அப்படியிருந்தும் கசிகிறது என்றால், வந்த திரவம் உள்ளே போக வழியில்லாமல் மேலேயே நின்று, சரிவு கண்ட பக்கம் ஓடிவிட்டது என்று பொருள். உங்களிடம் குறை சொன்ன பெண்களிடம் தயங்காமல் கேட்டுப் பாருங்கள். நடுவில் ஒரு திட்டாக மட்டும் நனைந்திருந்தது, முன்னும் பின்னும் வெள்ளையாகவே இருந்தது என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். அந்த வெள்ளைப் பகுதியில் நீங்கள் இட்ட கூழெல்லாம் வீண் என்றாகிறது.

அடுத்தது, தண்ணீரை வைத்துச் சோதிப்பது. விளம்பரங்களில் கண்ணாடிக் குவளையிலிருந்து ஊற்றப்படும் அந்த நீலத் திரவத்தைப் போன்ற ஒன்று நம் உடலில் எங்கும் சுரப்பதில்லை. மாதவிடாய்த் திரவத்தில் ரத்தம் ஒரு பகுதிதான். கருப்பை வாயின் சளியும் கருப்பை உட்படலத்தின் திசுத் துணுக்குகளும் யோனிச் சுரப்புகளும் அதில் கலந்திருக்கின்றன. ஆகவே அது தண்ணீரைவிடக் கெட்டியானது, இழைபோல நீளக்கூடியது, மெதுவாக ஊறுவது. ஓர் அமெரிக்க நிறுவனம் தன் காப்புரிமைப் பத்திரத்தில், பன்றி ரத்தத்தின் பிளாஸ்மா என்ற நீர்ப்பகுதியோடும் சிவப்பணுக்களோடும் கோழி முட்டையின் வெண்கருவைக் கலந்து சோதனைத் திரவம் செய்யும் முறையை விவரித்திருக்கிறது. சளியின் தன்மையைக் கொண்டுவருவதற்குத்தான் அந்த வெண்கரு. உங்கள் கூடத்தில் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. வடிகட்டிய சாதக் கஞ்சியை நீர்த்த மோர் அளவுக்குத் தளர்த்தி, லிட்டருக்கு 9 கிராம் உப்புச் சேர்த்து, சிறிது குங்கும நிறம் கலந்துகொண்டால், அது ரத்தத்துக்கு ஈடாகாவிட்டாலும், ஒரு மாதிரியை இன்னொரு மாதிரியோடு ஒப்பிடுவதற்குத் தண்ணீரைவிட நன்றாகவே உதவும்.

இனி, நான் முதலில் சந்தேகப்படுவது உங்கள் வெள்ளைத் துணியை. நாப்கினின் மேல் விரிப்பாகப் பயன்படும் நெய்யாத துணி பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் இழையால் ஆனது. அந்த இழை இயல்பாகவே நீரை ஒட்டவிடாதது. கடைகளில் பையாகத் தைத்துத் தருகிறார்களே, அதே துணிதான். நாப்கினுக்கென விற்கப்படும் துணியில் நீரை ஏற்கும்படி ஒரு பூச்சுக் கொடுத்திருப்பார்கள். பூச்சில்லாத துணி விலை குறைவு என்பதாலோ, விற்பவர் அறியாமல் கொடுத்துவிடுவதாலோ, சிறு குழுக்களிடம் தவறான துணி வந்து சேர்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். துணியை மேசைமேல் விரித்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். தாமரை இலையில் நிற்பதுபோல் முத்தாக நின்றால் அது நாப்கினுக்கு ஆகாது. உடனே ஊறினாலும் அத்தோடு விட்டுவிடாமல், அதே இடத்தைக் காயவைத்து இரண்டாவது முறையும் மூன்றாவது முறையும் சொட்டு விட்டுப் பாருங்கள். மலிவான பூச்சு முதல் நனைப்பிலேயே கரைந்துபோய்விடும். காலையில் நன்றாக உறிஞ்சிய நாப்கின் மதியத்துக்குள் உறிஞ்ச மறுப்பதற்கு இது ஒரு காரணம். நீங்கள் 30 மில்லியை ஒரே தடவையில் ஊற்றிப் பார்த்ததால் இந்தக் குறை உங்கள் கண்ணில் படாமலே போயிருக்கலாம்.

இரண்டாவது சந்தேகம், அச்சில் நீங்கள் கொடுக்கும் அழுத்தம். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது எப்படியோ அப்படியேதான் நாப்கினிலும் திரவம் பரவுகிறது. இழைகளுக்கு இடையே உள்ள நுண்ணிய சந்துகள் அதை இழுக்கின்றன. சந்து குறுகலாக இருந்தால் இழுவிசை அதிகம், ஆனால் பாயும் வேகம் குறைவு. சந்து அகலமாக இருந்தால் திரவம் சட்டென்று உள்ளே போகும், ஆனால் அங்கே தங்காது. உட்கார்ந்து எழுந்தால் பிழிந்தாற்போல் வெளியே வந்துவிடும். கூழை முழுவதும் ஒரே சீராகக் கெட்டியாக அழுத்திவிட்டால், கெட்டியான திரவம் நுழைய நேரமெடுக்கும். அந்த நேரத்தில் அது பக்கவாட்டில் வழியத் தொடங்கிவிடும். நீங்கள் கூழை அதிகமாக்கி அதே தடிமனுக்குள் அடக்க முயன்றிருந்தால், நோயைக் கூட்டும் மருந்தைத்தான் கொடுத்திருக்கிறீர்கள்.

இதற்குத் தீர்வு, மேலே தளர்வு, கீழே இறுக்கம் என்ற ஏற்பாடு. கூழை இரண்டாகப் பிரித்து, கீழ்ப்பாதியை நன்றாக அழுத்தி, மேல்பாதியை இலேசாக அழுத்தி ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். மேலே அகன்ற சந்துகள் திரவத்தை வாங்கிக்கொள்ளும். கீழே உள்ள குறுகிய சந்துகள் அதைத் தம் பக்கம் இழுத்து வைத்துக்கொள்ளும். பெரிய நிறுவனங்கள் மேல் விரிப்புக்கும் உறிஞ்சும் பகுதிக்கும் நடுவில் தனியாக ஒரு பஞ்சுபோன்ற செயற்கை இழைப் படலத்தை வைப்பது இதே வேலைக்காகத்தான். அந்தப் படலம் எதையும் தேக்கி வைப்பதில்லை. வந்ததை வாங்கி, முன்னும் பின்னும் பரப்பி, கீழே ஒப்படைப்பது மட்டுமே அதன் கடமை. உள்ளங்கை நீளத்துக்கு அத்தகைய படலத்தை நடுவில் மட்டும் வைத்தாலே வேறுபாடு தெரியும். அதைச் சுருள் கணக்கில் வாங்க வேண்டியிருப்பதால், பக்கத்திலுள்ள இரண்டு மூன்று குழுக்கள் சேர்ந்து வாங்குவது நல்லது.

மூன்றாவது, நாப்கின் மடங்கும் விதம். நாம் மேசைமேல் தட்டையாக வைத்துச் சோதிக்கிறோம். அணிபவரோ நடக்கிறார், குனிகிறார், பேருந்தில் ஏறுகிறார். இரண்டு தொடைகளும் அதைப் பக்கங்களிலிருந்து நெருக்கிக் கயிறுபோல் சுருட்டுகின்றன. சுருண்ட நாப்கினின் ஓரம் உள்ளே போய்விடுவதால், திரவம் ஓரத்தைத் தாண்டி உள்ளாடையில் விழுகிறது. விலை உயர்ந்த நாப்கின்களில் நீளவாக்கில் அழுத்திப் பதித்த கோடுகள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அவை அழகுக்காக அல்ல. கோடு பதிந்த இடத்தில் இழைகள் நெருங்கியிருப்பதால் திரவம் அந்தக் கோட்டின் வழியே முன்னும் பின்னும் ஓடுகிறது. அதே கோடு ஒரு கீல்போலவும் வேலை செய்து, நாப்கின் தாறுமாறாகச் சுருளாமல், நடுப்பகுதி உடலை நோக்கி உயரும்படி மடங்கச் செய்கிறது. உங்கள் அச்சின் மேல்தட்டில் இரண்டு மெல்லிய கம்பிகளைப் பற்றவைத்தால் இதைச் செய்துவிடலாம். ஆனால் கோடுகள் ஓரத்தில் இருந்து ஒரு விரல் அகலமாவது உள்ளே தள்ளியிருக்க வேண்டும், விளிம்பு வரை போகவும் கூடாது. போனால் கசிவுக்கு நாமே வாய்க்கால் வெட்டிக் கொடுத்ததாகிவிடும்.

சோதனையை இப்படி மாற்றிக்கொள்ளுங்கள். கஞ்சித் திரவத்தை 5 மில்லி எடுத்து நாப்கினின் நடுவில் ஊற்றி, அது மேலிருந்து மறைய எத்தனை நொடி ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் கழித்து அதே இடத்தில் இன்னும் 5 மில்லி, மறுபடி பத்து நிமிடம் கழித்து இன்னும் 5 மில்லி ஊற்றுங்கள். மூன்றாவது முறை ஆகும் நேரமே உங்கள் நாப்கினின் உண்மையான மதிப்பெண். பிறகு, எடை போட்டு வைத்த மெல்லிய காகிதக் கைக்குட்டைகள் சிலவற்றை அதன்மேல் வைத்து, ஒரு கிலோ படிக்கல்லை ஒரு நிமிடம் ஏற்றி இறக்குங்கள். காகிதம் எத்தனை கிராம் கூடியிருக்கிறதோ அவ்வளவும் அணிபவரின் தோலுக்குத் திரும்பிப் போகிற ஈரம். கிராமுக்குக் கீழே துல்லியம் காட்டும் சிறு மின்னணுத் தராசு இதற்குப் போதும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். துணியையும் அழுத்தத்தையும் ஒரே நாளில் மாற்றினால் எது குணம் தந்தது என்று தெரியாமல் போகும். விற்பனைக்கு முன் முறையான சான்று தேவைப்பட்டால், கோயம்புத்தூரில் உள்ள தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகத்தில் மருத்துவ ஜவுளிகளுக்கெனத் தனி மையம் இருக்கிறது. அங்கே கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: வெயில் காலத்தில் நாப்கின் வைத்தால் தொடை இடுக்கில் சிவந்து எரிகிறது. வலைபோன்ற மேல்பரப்பு உள்ளதை விட்டுவிட்டுத் துணிபோன்றதை வாங்கு என்கிறாள் தோழி. துணிபோன்றது ஈரமாகவே இருக்கிறது. எது சரி?
– கல்லூரி மாணவி, சென்னை

பதில்: இரண்டுக்கும் தனித்தனி நன்மையும் தனித்தனிக் குறையும் உண்டு. வலைபோன்றது உண்மையில் துளையிட்ட பிளாஸ்டிக் படலம். அதன் துளைகள் புனல்போல் மேலே அகன்று கீழே குறுகியிருக்கும்படி செய்யப்படுவதால், கீழே போன திரவம் எளிதில் மேலே திரும்புவதில்லை. படலமும் நனைவதில்லை. அதனால்தான் தொட்டால் உலர்ந்ததுபோல் இருக்கிறது. ஆனால் வியர்வையில் ஊறிய தோலின்மேல் பிளாஸ்டிக் ஒட்டிக்கொண்டு உரசும். துணிபோன்ற மேல்பரப்பு மென்மையானது, ஆனால் இழைகளுக்கு நடுவே கொஞ்சம் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

உங்கள் தொல்லைக்கு மேல்பரப்பைவிட அடிப்பரப்பு காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஈரத் தோல், உலர்ந்த தோலைவிட அதிகமாக உரசப்படும். சென்னையின் மே மாதத்தில் அந்த ஈரத்தில் பெரும்பங்கு மாதவிடாய்த் திரவம் அல்ல, வியர்வை. அந்த வியர்வை ஆவியாகி வெளியேற வழி இருக்கிறதா என்பதை அடி விரிப்புதான் தீர்மானிக்கிறது. சாதாரண பாலிஎத்திலீன் தாள் ஆவியை அடைத்துவிடும். காற்றோட்டமுள்ள அடி விரிப்பு என்பது அதே பாலிஎத்திலீனில் நுண்ணிய சுண்ணாம்புக்கல் தூளைக் கலந்து, தாளாக்கி இழுத்து நீட்டப்பட்டது. இழுக்கும்போது ஒவ்வொரு தூள் துகளைச் சுற்றியும் கண்ணுக்குத் தெரியாத சந்து உண்டாகிறது. அதன் வழியே நீராவி போகும், திரவம் போகாது. உங்கள் நாப்கின் எந்த வகை என்று பார்க்க, அடித் தாளை மட்டும் கிழித்தெடுத்து, வெந்நீர் உள்ள டம்ளரின் வாயை அதனால் மூடி, அதற்குச் சற்று மேலே குளிர்ந்த எவர்சில்வர் தட்டைப் பிடியுங்கள். சில நிமிடங்களில் தட்டில் ஆவி படிந்தால் அது காற்றோட்டமுள்ள தாள். பசை பூசிய பட்டைகளின் வழியே ஆவி போகாது என்பதால் பசையில்லாத இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

நறுமணம் சேர்த்த வகைகளை முதலில் நிறுத்திவிடுங்கள். வாசனைப் பொருள்கள் தோல் ஒவ்வாமைக்குப் பெயர் பெற்றவை, கசிவைத் தடுப்பதில் அவற்றுக்கு எந்தப் பங்கும் இல்லை. திரவம் குறைவாக வரும் நாளிலும் நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் மாற்றிவிடுங்கள். அரிப்பும் எரிச்சலும் மாதவிடாய் முடிந்தபின்னும் தொடர்ந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். தோல் மருத்துவரையோ மகளிர் மருத்துவரையோ பார்ப்பதே சரி.

கேள்வி: என் மகள் பயன்படுத்தும் மெல்லிய நாப்கினைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே சர்க்கரைபோல் தூள் இருந்தது, தண்ணீர் பட்டதும் ஜவ்வரிசிக் கூழ்போல் ஆகிவிட்டது. இந்த ரசாயனம் உடம்புக்குள் போய்க் கெடுதல் செய்யாதா?
– ஒரு தாய், தஞ்சாவூர்

பதில்: அம்மா, நீங்கள் கண்டது சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற பொருள். குழந்தைகளின் டயப்பரிலும் இதுவே இருக்கிறது. வலைபோல் பின்னிய மிகப் பெரிய மூலக்கூறு என்பதால் தோலின் வழியே உள்ளே புக முடியாது. 1980-இல் அமெரிக்காவில் அதிகம் உறிஞ்சும் டாம்பான்களைப் பயன்படுத்திய பெண்களுக்கு நச்சு அதிர்ச்சி நோய் கண்டதும், பலர் இறந்ததும் உண்மை. அந்தச் செய்தியே கைமாறி கைமாறி நாப்கினுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. டாம்பான் உடலுக்கு உள்ளே வைக்கப்படுவது, நாப்கின் வெளியே இருப்பது. இந்த வேறுபாடு பெரிது. மேல்பரப்பு கிழிந்து ஜெல் தோலில் ஒட்டினால் கழுவிவிட்டு வேறு நாப்கின் மாற்றச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

ஆனால் அந்தத் தூளைப் பற்றி விளம்பரங்கள் சொல்லாத ஒன்றை நான் சொல்ல வேண்டும். தூய நீரில் அது தன் எடையைப்போல் சில நூறு மடங்கு உறிஞ்சும். உள்ளே இருக்கும் சோடியம் அயனிகள் நீரைத் தம்மிடம் இழுப்பதே காரணம். வெளியே உள்ள திரவத்திலும் உப்பு இருந்துவிட்டால் அந்த இழுப்பு தளர்ந்துவிடுகிறது. நம் ரத்தத்தின் அளவுக்கு உப்புள்ள நீரில் அது சில பத்து மடங்காகக் குறைந்துபோகும். மாதவிடாய்த் திரவத்தில் இன்னொரு தடையும் உண்டு. சிவப்பணுக்களும் பெரிய புரதங்களும் அந்த வலைக்குள் நுழைய முடியாமல் துகளின் மேற்பரப்பிலேயே படிகின்றன. நீர் மட்டும் உள்ளே போக, வெளியே மிஞ்சியது இன்னும் கெட்டியாகிறது. தூளை ஒரே இடத்தில் குவித்துவிட்டால், முதலில் நனைந்த துகள்கள் பருத்து ஒன்றோடொன்று ஒட்டி அணைபோட்டுவிடும். அடியில் இருக்கும் தூள் கடைசி வரை உலர்ந்தே கிடக்கும். ஆகவே நல்ல வடிவமைப்பாளர் ஜெல்லைக் குறைவாக, மரக்கூழ் இழைகளுக்கு நடுவே பரவலாக, கீழ் அடுக்கில் மட்டும் தூவுவார். மெல்லிய நாப்கினில் ஜெல் செய்யும் உண்மையான பணி, உட்காரும்போது அழுத்தம் பட்டாலும் வாங்கிய நீரைத் திருப்பித் தராமல் பிடித்து வைப்பது.

கேள்வி: நூறு சதவீதம் பருத்தி, வாழைநார் என்றெல்லாம் விற்கிறார்களே, மரக்கூழைவிட இவை உயர்ந்தவையா?
– ஆசிரியை, ஈரோடு

பதில்: பருத்தி நீரை உறிஞ்சும் என்று நாம் நினைப்பது துணியாகப் பார்த்துப் பழகியதால். செடியிலிருந்து பறித்த பருத்தியைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும். இழையின்மேல் இயற்கையான மெழுகு இருக்கிறது. காரத்தில் வேகவைத்து அந்த மெழுகை நீக்கிய பிறகே அது மருந்துக்கடைப் பஞ்சாகிறது. அப்படி ஆன பஞ்சும் நனைந்தவுடன் அமுங்கிப் போய்விடுவதால், அழுத்தினால் வாங்கியதைத் திருப்பித் தந்துவிடுகிறது. மலிவு விலையில் நாப்கின் செய்ய முயன்ற கோயம்புத்தூரின் அருணாசலம் முருகானந்தம் தொடக்கத்தில் தோற்றது இந்தப் பஞ்சில்தான். ஆட்டு ரத்தம் நிரப்பிய கால்பந்துப் பையைத் தாமே உடலில் கட்டிக்கொண்டு நடந்து சோதித்தவர் அவர். பெரிய நிறுவனங்களின் நாப்கினுக்குள் இருப்பது பஞ்சல்ல, மரக்கூழ் என்று தெரிய வந்த பிறகே அவருடைய சிறு இயந்திரம் உருப்பெற்றது. 2016-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. மேலைநாட்டிலும் கதை இதேதான். முதல் உலகப் போரில் பஞ்சுக்குப் பதிலாகக் காயங்களுக்குக் கட்டிய மரக்கூழ்ப் பட்டையைச் செவிலியர் மாதவிடாய்க்கும் பயன்படுத்தினர். போர் முடிந்தபின் அதுவே 1920-இல் கோட்டெக்ஸ் என்ற பெயரில் கடைக்கு வந்தது.

வாழைநாரும் அப்படியே எடுத்தால் சாக்குத் துணிபோன்றதுதான். அதிலுள்ள லிக்னின் என்ற மரப்பசையை நீக்கி, மென்மையாக்கி, கூழ்போல் பிரித்தால் நன்றாக உறிஞ்சும். கற்றாழையை ஒத்த சிசல் செடியின் இலை நாரை இவ்வாறு பக்குவப்படுத்தினால், கடையில் கிடைக்கும் நாப்கின்களின் பஞ்சைவிட அதிகம் உறிஞ்சுகிறது என்று அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்டார்கள். ஆக, எந்தச் செடி என்பதைவிட அந்த நாரை எப்படிப் பக்குவப்படுத்தினார்கள் என்பதே முக்கியம். ‘ஆர்கானிக்’ என்ற சொல் பயிரிட்ட முறையைச் சொல்கிறது, உறிஞ்சும் திறனைச் சொல்லவில்லை. உறையில் ‘பருத்தி’ என்று பெரிதாக அச்சிட்டிருந்தாலும் மேல் விரிப்பு மட்டும் பருத்தியாக இருப்பதும் உண்டு. சிறிய எழுத்தையும் படியுங்கள்.

கேள்வி: எனக்கு முதல் இரண்டு நாளும் போக்கு மிக அதிகம். எக்ஸ்எல் வாங்கியும் போதாமல் டபுள் எக்ஸ்எல் வாங்குகிறேன், இரவில் பின்பக்கம் கசிகிறது. இதற்கு மேல் பெரியது உண்டா?
– வங்கி ஊழியர், மதுரை

பதில்: நம் ஊரில் விற்கும் உறைகளில் எக்ஸ்எல் என்பது பெரும்பாலும் நீளத்தைத்தான் குறிக்கிறது. சாதாரண வகை ஏறத்தாழ 230 அல்லது 240 மில்லிமீட்டர், எக்ஸ்எல் 280-ஐ ஒட்டி, அடுத்தது 320-ஐ ஒட்டி இருக்கும். நீளம் கூடியதால் நடுப்பகுதியின் உறிஞ்சும் வேகம் கூடிவிடுவதில்லை. படுத்திருக்கும்போது திரவம் பிட்டங்களுக்கு இடையிலுள்ள பள்ளத்தின் வழியே பின்னால் ஓடுவதால், இரவுக்கு நீளமும் பின்புறம் விசிறிபோல் அகன்ற வடிவமும் உதவும். உடலோடு ஒட்டியிருக்கும் உள்ளாடை அதைவிட உதவும். நாப்கினுக்கும் உடலுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் எவ்வளவு விலை உயர்ந்த மேல் விரிப்பும் பயன்படாது. இரவில் தளர்வான பழைய உள்ளாடை போதும் என்று நினைக்கும் வழக்கத்தைத்தான் நான் முதலில் மாற்றச் சொல்வேன்.

உறையில் எழுதியிருப்பதை அளவுகோலாகக் கொள்ள வேண்டாம் என்பதற்கு ஓர் ஆய்வும் துணை நிற்கிறது. அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்து ஆய்வாளர்கள் 21 வகை மாதவிடாய்ப் பொருள்களை, உப்புநீருக்குப் பதிலாக மனித ரத்தச் சிவப்பணுக்களைக் கொண்டு சோதித்து 2023-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். உறையில் சொன்னதும் சோதனையில் கண்டதும் பல இடங்களில் பொருந்தவில்லை. உள்ளே வைக்கும் வட்டு வகை சராசரியாக 61 மில்லி வரை கொண்டது. உறிஞ்சும் உள்ளாடையோ 2 மில்லியைத்தான் வாங்கியது.

ஆனால் உங்கள் கடிதத்தில் என் கவனத்தை இழுத்தது நாப்கின் அல்ல. ஒரு சுழற்சியில் 80 மில்லிக்கு மேல் ரத்தம் போவதை மருத்துவர்கள் மிகுபோக்கு என்று நெடுங்காலமாகக் கணக்கிட்டு வந்திருக்கிறார்கள். வீட்டில் அளக்க முடியாது. மணிக்கொரு நாப்கின் அல்லது இரண்டு மணிக்கொன்று என்று தொடர்ந்து மாற்ற வேண்டியிருப்பது, பெரிய கட்டிகளாக வருவது, படியேறினால் மூச்சு வாங்குவது ஆகியவை இருந்தால் இன்னும் பெரிய நாப்கினைத் தேட வேண்டாம். மகளிர் மருத்துவரிடம் போய், ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: துணி நாப்கினை வீட்டிலேயே தைக்க விரும்புகிறேன். எந்தத் துணி, எத்தனை அடுக்கு?
– இல்லத்தரசி, நாகர்கோவில்

பதில்: மேலே தளர்வு, கீழே இறுக்கம் என்று முதல் பதிலில் சொன்ன ஏற்பாடே இங்கும் பொருந்தும். தோலில் படும் அடுக்குக்குப் பலமுறை துவைத்து மென்மையான மெல்லிய பருத்தித் துணி, அதன் கீழே பூத்துவாலைத் துணி இரண்டு அடுக்கு, அதற்கும் கீழே நெருக்கமாக நெய்த பருத்தி ஓர் அடுக்கு, கடைசியாக நீர் புகாதபடி பாலியூரித்தேன் படலம் ஒட்டிய துணி. இந்தக் கடைசித் துணியில் ஊசி போகும் ஒவ்வொரு இடமும் ஓட்டை என்பதால், நடுவில் தையல் போடாமல் ஓரத்தில் மட்டும் தையுங்கள். அடுக்குகள் நகராமலிருக்க நடுவில் தைக்க வேண்டும் என்றால், படலத் துணியைச் சேர்ப்பதற்கு முன் மற்ற அடுக்குகளை மட்டும் சேர்த்துத் தைத்துக்கொள்ளுங்கள். அடுக்கைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். தடிமன் கூடக்கூட உள்ளே காய்வதற்கு நேரமாகும், காயாத துணியில் கிருமி வளரும்.

புதுத் துணியில் ஆலையில் ஏற்றிய கஞ்சியும் மெருகும் இருக்கும். அவை போகும் வரை நாலைந்து முறை துவைத்த பிறகே வெட்டுங்கள். சுருங்குவதும் அப்போதே சுருங்கிவிடும். பயன்படுத்தியதை முதலில் குளிர்ந்த நீரில் அலச வேண்டும். வெந்நீர் ரத்தத்தின் புரதத்தை இழையோடு இறுக்கிவிடும், கறை போகாது. துணியை மென்மையாக்கும் திரவங்கள் இழையின்மேல் வழவழப்பான படலத்தை ஏற்றி உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும், அவை வேண்டாம். திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் நாப்கின்களுக்கென்றே 2021-இல் ஐ.எஸ். 17514 என்ற தரக் குறிப்பு வந்திருக்கிறது. அக்கம்பக்கத்தாருக்கு விற்க எண்ணினால் அதைப் பாருங்கள். துவைத்ததை மறைவாக மற்றத் துணிகளுக்கு அடியில் போடாமல், கொடியில் வெயில் படும்படி, படலம் ஒட்டிய பக்கம் கீழே இருக்குமாறு விரித்துப் போடுங்கள்.